யுஜிசி நெட் இதழியல் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்துதல்: ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வான யுஜிசி நெட்டில் 63 என்ற குறியீட்டு எண்ணில் வருவது வெகுசனத் தொடர்பியல் மற்றும் இதழியல் பாடம். தமிழ்நாட்டில் இதழியல், காட்சித் தொடர்பியல், மின்னணு ஊடகவியல் என்று எந்தப் பெயரில் முதுகலை முடித்திருந்தாலும், கல்லூரி ஆசிரியர் வேலையையோ ஆராய்ச்சி உதவித்தொகையையோ நினைக்கிற மாணவர் பெரும்பாலும் இந்தத் தேர்வுக்குத்தான் வருகிறார். நன்றாகச் செய்தி எழுதுகிறவர்களும், குறும்படம் எடுத்துப் பெயர் வாங்கியவர்களும்கூட இதில் தேங்கிப்போகிறார்கள். அவர்களுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. கோட்பாட்டின் பெயர், அதை எழுதியவர், ஆண்டு என்று மூன்று பத்தியில் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். வினாத்தாளோ அந்த அட்டவணையைக் கலைத்துப் போட்டுக் கேட்கிறது. இரண்டு பெயர் இடம் மாறினால் எல்லாம் குழம்பிவிடுகிறது.

ஒவ்வொரு கோட்பாடும், ஒவ்வொரு சட்டமும், ஒவ்வொரு குழுவும் ஏதோ ஒரு சிக்கலுக்குப் பதிலாகப் பிறந்தவை. அந்தச் சிக்கலை முதலில் சொல்லிக் கொடுத்தால் பெயரும் ஆண்டும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த நம்பிக்கையிலிருந்து வருபவை.

படி 1: தேர்வின் கணக்கை முதல் நாளே புரியவைத்தல்

மூன்று மணி நேரம், 150 கேள்விகள், 300 மதிப்பெண்கள். தாள் 1 எல்லாப் பாடத்தாருக்கும் பொது: 50 கேள்விகள். தாள் 2 நம் பாடம்: 100 கேள்விகள். ஒரு கேள்விக்கு இரண்டு மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. இரண்டு தாளுக்கும் நடுவே இடைவேளையும் இல்லை.

பொதுப் பிரிவினர் இரண்டு தாளும் சேர்த்து 40 சதவீதமும், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 35 சதவீதமும் எடுக்க வேண்டும் என்ற விதியை மாணவர்கள் தேர்ச்சி மதிப்பெண் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பரிசீலனைக்கு உள்ளே வருவதற்கான குறைந்தபட்சம் மட்டுமே. இரண்டு தாளும் எழுதியவர்களில் ஆறு சதவீதம் பேரைத்தான் தகுதியுள்ளவர்களாக அறிவிக்கிறார்கள். அந்த இடங்களும் பாட வாரியாக, பிரிவு வாரியாகப் பங்கிடப்படுகின்றன. ஆகவே 40 சதவீதத்தை இலக்காக வைத்துப் படிக்கிற மாணவருக்கு அதை முதல் நாளே மாற்றிக் கொடுங்கள். இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப் வேண்டுமென்றால் இன்னும் மேலே போக வேண்டும். 2024 ஜூன் முதல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் இந்த மதிப்பெண் பயன்படுகிறது என்பதால் போட்டியும் கூடியிருக்கிறது.

படி 2: கற்பிப்பதற்கு முன்பே ஒரு பழைய தாள்

பாடத்திட்டத்தில் பத்து அலகுகள்: இதழியல் அறிமுகம், வளர்ச்சிக்கான தொடர்பியல், செய்தி சேகரிப்பும் செம்மையாக்கமும், விளம்பரம், மக்கள் தொடர்பு, ஊடகச் சட்டமும் அறமும், ஊடக நிர்வாகம், தகவல் தொழில்நுட்பம், திரைப்படமும் காட்சித் தொடர்பும், தொடர்பியல் ஆய்வு. முதல் அலகிலிருந்து வரிசையாகப் பாடம் நடத்தத் தொடங்கிவிடாதீர்கள். தேசிய தேர்வு முகமை வெளியிட்டுள்ள பழைய தாள் ஒன்றைக் கொடுத்து, நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் குறைவாகத்தான் வரும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அந்தத் தாளில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் மாணவரே காரணம் எழுத வேண்டும்: தெரியாது, தெரியும் ஆனால் குழம்பினேன், கேள்வியைத் தவறாகப் படித்தேன். மூன்றுக்கும் மருந்து வேறு. தெரியாததைப் படித்துக்கொள்ளலாம். குழம்பியதை ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். தவறாகப் படித்ததற்கு ஆங்கில வாசிப்புப் பயிற்சி வேண்டும். எல்லா மாணவருக்கும் ஒரே குறிப்பைக் கொடுத்து அனுப்பும் பயிற்சி வகுப்புகள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே இல்லை. மாணவரை அருகில் வைத்துப் பார்க்கிற கல்லூரி ஆசிரியரால் மட்டுமே இதைச் செய்ய முடியும்.

படி 3: கோட்பாடுகளை அவை பிறந்த இடத்தில் வைத்துக் கற்பித்தல்

தாள் 2 முழுவதற்கும் அடித்தளம் இது. வகுப்பு நேரத்தில் பெரும்பங்கை இதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஹரால்டு லாஸ்வெல் முதல் உலகப் போரின் பிரச்சாரத்தை ஆராய்ந்தவர். பிரச்சாரத்தை ஆராய்கிறவருக்கு என்ன தெரிய வேண்டும்? யார் சொன்னார், என்ன சொன்னார், எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு. 1948-இல் அவர் எழுதிய வாய்பாடு இதுதான். கேட்டவர் திருப்பி என்ன சொன்னார் என்பது அதில் ஏன் இல்லை என்று மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். பிரச்சாரம் செய்கிறவருக்குக் கேட்பவரின் பதில் தேவைப்படவில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அதே 1948-இல் கிளாட் ஷானன் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி வழியே போகும் செய்தி சிதையாமல் போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய கவலை. அதனால்தான் அவருடைய மாதிரியில் இரைச்சல் என்ற கூறு இருக்கிறது, பின்னூட்டம் இல்லை. அடுத்த ஆண்டு வாரன் வீவருடன் சேர்ந்து அது நூலாக வந்ததால் இருவர் பெயரிலும் வழங்குகிறது. இப்படிச் சொல்லிக்கொடுத்த பிறகு ‘இரைச்சல் எந்த மாதிரியில் வருகிறது?’ என்ற கேள்வியை மாணவர் மறப்பது கடினம்.

இருபடி ஓட்டக் கோட்பாட்டுக்கு அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஈரி கவுண்டிக்குப் போக வேண்டும். 1940 அதிபர் தேர்தலின்போது பால் லாசர்ஸ்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் அங்கே வாக்காளர்களை மாதக்கணக்கில் தொடர்ந்து சந்தித்தார்கள். பத்திரிகையும் வானொலியும் மனத்தை மாற்றியதை விட, அவற்றைக் கவனித்துவிட்டு வந்து பேசிய அக்கம்பக்கத்தாரே அதிகம் பாதித்திருந்தார்கள். நூல் வந்தது 1944-இல். காட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் சேர்ந்து இதை விரிவாக்கியது 1955-இல். வகுப்பில் இதற்கு நம் ஊர் டீக்கடையை விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஒருவர் தினத்தந்தியை வாசிக்கிறார், நான்கு பேர் கேட்கிறார்கள், வாசித்தவர் சொல்லும் கருத்து செய்தியோடு சேர்ந்தே போகிறது. அவர்தான் கருத்துத் தலைவர்.

1968 அமெரிக்க அதிபர் தேர்தலில் சேப்பல் ஹில் ஊரில் மெக்கோம்ஸும் ஷாவும் வேறொன்றைக் கேட்டார்கள். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எதைப் பற்றி நினைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆய்வு 1968, கட்டுரை 1972. இந்த நான்கு ஆண்டு இடைவெளியைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், தேர்வில் இரண்டும் தெரிவுகளாக வரக்கூடும். 2019 கோடையில் சென்னையின் தண்ணீர்த் தட்டுப்பாடு ஊடகங்களில் முதல் செய்தியாக நின்ற நாள்களை எடுத்து, அப்போது பின்னுக்குப் போன செய்திகள் எவை என்று மாணவர்களைத் தேடச் சொல்லலாம். மக்கள் எதைப் பற்றி நினைப்பது என்பதை ஊடகமே முன்வைக்கும் அஜெண்டா செட்டிங் என்றால் என்ன என்பது அந்தத் தேடலிலேயே விளங்கிவிடும்.

புதுமைப் பரவல் கோட்பாட்டைத் தந்த எவரெட் ரோஜர்ஸ் அயோவாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த மாநிலத்தில் கலப்பின மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்ற முந்தைய ஆய்வு அவருக்கு அடிப்படையாக இருந்தது. 1962-இல் வந்த அவருடைய நூலில் ஏற்பவர்கள் ஐந்து வகை: முன்னோடிகள் 2.5 சதவீதம், தொடக்க ஏற்பாளர் 13.5, முன் பெரும்பான்மை 34, பின் பெரும்பான்மை 34, கடைசியாக வருவோர் 16. உங்கள் மாணவரின் ஊரில் முதலில் சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர் யார், அவரைப் பார்த்துப் போட்டவர் யார், இன்றும் போடாமல் இருப்பவர் யார் என்று எழுதிவரச் சொன்னால் இந்த ஐந்தும் முகங்களோடு நினைவில் நிற்கும்.

மற்றவற்றையும் இப்படியே அணுகலாம். சிறுபான்மைக் கருத்து உடையவர் ஏன் வாய் திறப்பதில்லை என்பது எலிசபெத் நோயல்-நாய்மனின் கேள்வி, 1974, ஜெர்மனி. தொலைக்காட்சியை அதிகம் பார்க்கிறவருக்கு உலகம் ஏன் கொடியதாகத் தெரிகிறது என்பது ஜார்ஜ் கெர்ப்னரின் கேள்வி. ஒரே நிகழ்ச்சியை மூன்று பேர் மூன்று விதமாக வாசிப்பது எப்படி என்பது ஸ்டூவர்ட் ஹாலின் கேள்வி, 1973. கோட்பாட்டுக் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் கேள்வியையும் வலப்பக்கத்தில் பெயர், ஆண்டு, ஊர் ஆகியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். படிக்கும்போது இடப்பக்கத்தை மட்டும் பார்த்து வலப்பக்கத்தைச் சொல்ல வேண்டும்.

படி 4: சட்டத்துக்குப் பழைய கையேட்டை நம்பக் கூடாது

இந்த அலகில்தான் நூலகத்துப் பழைய புத்தகம் மாணவருக்குக் கெடுதல் செய்கிறது. 1867-ஆம் ஆண்டின் பத்திரிகை, நூல்கள் பதிவுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2023-இல் இயற்றப்பட்ட பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் என்று படித்த அவதூறு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. தேசத்துரோகம் என்று அழைக்கப்பட்ட 124ஏ பிரிவும் அந்தப் பெயரில் இல்லை. புதிய சட்டத்தின் 152-ஆவது பிரிவு அதற்கு நெருக்கமானது. ஒளிப்பதிவுச் சட்டம் 1952 அப்படியே இருந்தாலும் 2023 திருத்தத்தால் யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 என்று மூன்று வயது நிலைகளாகப் பிரிந்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் நீக்கிவிட்டது. பழைய வினாத்தாள்களில் பழைய பிரிவுகளே சரியான விடையாக இருக்கும் என்பதால், சட்டக் கேள்விகளைப் பயிற்சிக்குக் கொடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் இன்றைய நிலையை ஆசிரியரே ஓரத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது.

அரசமைப்புச் சட்டத்தில் கருத்துச் சுதந்திரத்தைத் தரும் 19(1)(அ), அதற்கு வரம்பு வைக்கும் 19(2) ஆகிய பிரிவுகளை வழக்குகளின் வழியே சொல்லுங்கள். இதில் தமிழ்நாட்டு மாணவருக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. முக்கியமான வழக்குகளில் சில நம் மண்ணிலிருந்து போனவை. பம்பாயில் வெளியான ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று மாகாண அரசு தடை போட்டது. 1950-இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 19(2)-இல் அப்போது பொது ஒழுங்கு என்ற காரணம் இல்லை. அடுத்த ஆண்டே முதல் திருத்தத்தில் பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகியவை சேர்க்கப்பட்டன. கட்டுப்பாடுகள் ‘நியாயமானவையாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் வந்தது. இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும் என்ற காரணம் 1963-இல் 16-ஆவது திருத்தத்தில் வந்தது. தனித் திராவிட நாடு கோரிக்கை அதன் பின்னணியில் இருந்தது. 1994-இல் ‘நக்கீரன்’ இதழ் ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட முயன்றபோது எழுந்த ராஜகோபால் வழக்கு, தனிமனித அந்தரங்கத்தையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் ஒரே தராசில் வைத்தது. பொது ஆவணங்களில் இருப்பதை அனுமதி இல்லாமலே வெளியிடலாம், வெளியீட்டுக்கு முன்பே அதிகாரிகள் தடுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. இந்த மூன்றையும் கதையாகக் கேட்ட மாணவர் 19(2)-இன் எட்டுக் காரணங்களையும் எது எப்போது வந்தது என்று சொல்லிவிடுவார்.

படி 5: குழுக்களும் வரலாறும்

குழுக்களின் பெயர்கள் மாணவர்களை மிகவும் பயமுறுத்துகின்றன. ஒலிபரப்பை அரசின் பிடியிலிருந்து எவ்வளவு விடுவிப்பது என்ற ஒரே கேள்வியில் பலவற்றைக் கோக்கலாம். 1966-இல் அறிக்கை தந்த சந்தா குழு வானொலியையும் தொலைக்காட்சியையும் பிரிக்கச் சொன்னது. அது நடந்தது 1976-இல். நெருக்கடி நிலைக்குப் பிறகு வந்த வர்கீஸ் குழு 1978-இல் தன்னாட்சி அமைப்பு வேண்டும் என்றது. பிரசார் பாரதி சட்டம் 1990-இல் நிறைவேறி 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் 1995-இல் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த வரிசையில் எந்த ஆண்டையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வரலாற்றில் சைட் என்னும் செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சித் திட்டத்தை விரிவாகப் பாருங்கள். வளர்ச்சித் தொடர்பியல், தொழில்நுட்பம், வரலாறு என்று மூன்று அலகுகளிலும் அது தலைகாட்டுகிறது. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓர் ஆண்டு, நாசாவிடம் இரவல் வாங்கிய ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் போயின. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை.

படி 6: ஆய்வு முறையைச் செய்து பழகுதல்

பத்தாவது அலகை மாணவர்கள் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள், எண்களைக் கண்ட பயத்தில். ஆனால் இந்த ஓர் அலகைப் படித்தால் தாள் 1-இல் வரும் ஆய்வுத் திறன் பகுதிக்கும் சேர்த்தே படித்ததாகும்.

புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வாரத்துக்கு மூன்று தமிழ் நாளிதழ்களின் முதல் பக்கத்தை உள்ளடக்கப் பகுப்பாய்வு செய்யச் சொல்லுங்கள். எந்தச் செய்தியை அரசியல் என்று குறிப்பது, எதைக் குற்றம் என்று குறிப்பது? லஞ்ச வழக்கில் கைதான அரசியல்வாதி எந்தப் பெட்டியில் வருவார்? இரண்டு மாணவர்கள் தனித்தனியாகக் குறித்துவிட்டு ஒப்பிட்டால் முரண்பாடு வரும், வாக்குவாதமும் வரும். குறியீட்டாளர் இடை நம்பகத்தன்மை என்று நூல் சொல்வது இருவர் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத்தான். செய்தி வகை பெயரளவு அளவை, முக்கியத்துவ வரிசை தரவரிசை அளவை, செய்தியின் பத்தி சென்டிமீட்டர் விகித அளவை. பெயரளவு அளவையில் உள்ள இரண்டு மாறிகளின் தொடர்பைப் பார்க்க கை-வர்க்கச் சோதனை, இரண்டு நாளிதழ்களின் சராசரிச் செய்தி நீளத்தை ஒப்பிட டி-சோதனை. ஒரு வாரத்து நாளிதழ்க் கட்டில் இத்தனையும் கிடைத்துவிடும்.

படி 7: தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் அடையாளம் காணுதல்

மொழிப் பாடங்கள் தவிர நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழியில் படித்து வந்த, நல்ல சிந்தனையுள்ள மாணவர்கள் இதனால் மட்டுமே பின்தங்குவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. இது அநீதி என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதே வேளையில் இந்த ஆண்டு எழுதப்போகும் மாணவருக்கு இன்றே ஒரு வழி வேண்டும்.

விளக்கம் முழுவதையும் தமிழில் கற்பியுங்கள். கலைச்சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் கரும்பலகையில் எழுதுங்கள். மாணவர் குறிப்பெடுப்பதும் அப்படியே இருக்கட்டும். தேர்வில் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய தேவை இல்லை, சொல்லை அடையாளம் கண்டால் போதும். கூடவே, கேள்வியின் திசையைத் திருப்பிவிடும் சிறு சொற்களுக்குத் தனிப் பயிற்சி கொடுங்கள்: ‘நாட்’, ‘எக்செப்ட்’, ‘லீஸ்ட்’, ‘ஒன்லி’. தினமும் சில பழைய கேள்விகளை எடுத்து, விடை சொல்லாமல், கேள்வி என்ன கேட்கிறது என்பதை மட்டும் ஒரு தமிழ் வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘தவறாகப் படித்தேன்’ என்று படி 2-இல் எழுதியவர்களுக்கு இதுவே மருந்து.

படி 8: கேள்வி வகைகள்

கூற்று–காரணம் வகையில் இரண்டு வாக்கியங்களும் உண்மையாக இருந்து, ஒன்று மற்றொன்றை விளக்காமல் இருக்கும்போதுதான் மாணவர்கள் விழுகிறார்கள். முதலில் இரண்டையும் தனித்தனியே சரியா தவறா என்று குறிக்க வேண்டும். இரண்டும் சரி என்றால் நடுவே ‘ஏனெனில்’ என்று போட்டுத் தமிழில் வாசித்துப் பார்க்கட்டும். ‘சைட் திட்டம் 1976 ஜூலையில் முடிந்தது, ஏனெனில் செயற்கைக்கோள் ஓராண்டுக்கே கிடைத்தது.’ பொருந்துகிறது. ‘இந்தியாவின் முதல் செய்தித்தாள் 1780-இல் வெளிவந்தது, ஏனெனில் 1878 தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் இந்திய மொழி இதழ்களைக் குறிவைத்தது.’ இரண்டும் உண்மை, ஆனால் வாக்கியம் நிற்கவில்லை.

கால வரிசைக் கேள்வியில் எல்லா ஆண்டும் தெரிய வேண்டியதில்லை. லாஸ்வெல், நியூகோம்ப், வெஸ்ட்லி–மெக்லீன், பெர்லோ என்று நான்கு தொடர்பியல் மாதிரிகளின் பெயர் வந்தால், முதலில் லாஸ்வெல் 1948, கடைசியில் பெர்லோ 1960 என்ற இரு முனைகளை வைத்தே பெரும்பாலான தெரிவுகளை அடித்துவிடலாம். பொருத்துக வகையிலும் உறுதியாகத் தெரிந்த ஓர் இணையிலிருந்து தொடங்க வேண்டும்.

படி 9: தாள் 1

ஊடகப் பாட மாணவர்கள் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள், ஆனால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இது. தொடர்பியலும் தகவல் தொழில்நுட்பமும் இதிலும் அலகுகளாக இருப்பது நம்மவர்களுக்குச் சாதகம். தரவு விளக்கமும் தருக்கமும் தினமும் கொஞ்ச நேரம் செய்தால் மட்டுமே கைவரும். கணிதத் துறை நண்பர் ஒருவரை அழைத்து வகுப்பெடுக்கச் சொல்வது நல்ல ஏற்பாடு.

படி 10: கடைசி மாதமும் தேர்வு நாளும்

கடைசி மாதத்தில் புதிய பாடம் எதையும் தொடக்கூடாது. வாரத்துக்கு இரண்டு முழுத் தேர்வுகள், மூன்று மணி நேரமும் எழுந்திருக்காமல், கணினித் திரையில். தாளில் எழுதிப் பழகியவர்களுக்குத் திரையில் நீண்ட பத்தியை வாசிப்பது கண்ணுக்கும் மனத்துக்கும் சோர்வு தரும். அதைக் கல்லூரிக் கணினி ஆய்வகத்திலேயே பழகிக்கொள்வது நல்லது. ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் தவறுகளுக்குக் காரணம் எழுதும் வேலை தொடரட்டும்.

தேர்வு அறையில் முதல் சுற்றில் தெரிந்தவற்றை முடித்து, சந்தேகமானவற்றுக்கும் ஒரு விடையைத் தேர்ந்து, மறுபரிசீலனைக்குக் குறித்து வைக்க வேண்டும். விடையோடு குறித்து வைத்தது மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படும். விடை தேர்ந்தெடுக்காமல் குறித்து மட்டும் வைத்தது எடுத்துக்கொள்ளப்படாது. மதிப்பெண் குறைப்பு இல்லாத தேர்வில் ஒரு கேள்வியும் வெறுமையாக இருக்கக் கூடாது.

தேர்வு முடிந்ததும் ஆசிரியரின் வேலை முடிந்துவிடுவதில்லை. தற்காலிக விடைக் குறிப்பு வெளியாகும்போது மாணவர் அளித்த விடைகளும் இணையத்தில் கிடைக்கும். குறிப்பிட்ட நாள்களுக்குள் கட்டணம் செலுத்தி ஆட்சேபம் தெரிவிக்கலாம். நம் பாடத்தில் ஆய்வு நடந்த ஆண்டா நூல் வந்த ஆண்டா என்பதிலேயே விடை மாறிவிடக்கூடும். மாணவர்களைத் துறையில் ஒன்றுகூட்டி, விடைக் குறிப்பை வரிசையாகச் சரிபார்த்து, முரண்படுகிற கேள்விகளுக்கு மூல நூலின் பக்கத்தைப் படியெடுத்துக் கொடுங்கள். கட்டணம் செலுத்தச் சிரமப்படும் மாணவர் இருந்தால் துறையே அதை ஏற்றுக்கொள்ளட்டும். ஆறு சதவீதத்தின் விளிம்பில் நிற்கிறவருக்கு இரண்டு மதிப்பெண் என்பது ஒரு வேலை வாய்ப்பு.